உங்கள் ஊரிலேயே இனத்தை ஆராய்வது எப்படி: கொங்கு நாட்டு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஆய்வுத் தலைப்போடு என் அறைக்கு வரும் மாதம் ஒன்று ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இனப் பாகுபாட்டைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஏன் என்று கேட்டால், "நம் ஊரில் அது இல்லையே ஐயா, சாதிதானே இருக்கிறது" என்பார்கள். அவர்கள் பெருந்துறையிலிருந்து ஏறி வந்த அதே பஸ்ஸில், சிப்காட் ஆலைக்குப் போகும் ஒடிசா இளைஞன் ஒருவன், பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்திருப்பான். அதை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆய்வுக்குரிய செய்தி என்று மட்டும் தோன்றியிருக்காது.

இனம் என்பது தோலிலோ மூக்கிலோ இருக்கும் பொருள் அன்று. பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தாரை வேறு வகை மனிதர்களாக நடத்தும் பழக்கங்கள் ஒன்றுசேரும்போது, அந்தக் கூட்டத்தார் ஓர் "இனம்" போலத் தோன்றத் தொடங்குகிறார்கள். உடலை ஆராய்ந்தால் இது பிடிபடாது. திண்ணை, டீக்கடை, வாடகை வீட்டு வாசல், கூலிப் பதிவேடு ஆகிய இடங்களில்தான் பிடிபடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இடங்களுக்குப் போய்ச் சேர்வதைப் பற்றியது. ஆறு மாதம் கையில் இருந்தால் போதும்.

முதல் படி: சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கொங்கு நாட்டில் ஒருவர் "நீங்கள் என்ன இனம்?" என்று கேட்டால் சாதியைக் கேட்கிறார். வட்டாட்சியர் அலுவலகத்தில் இனச் சான்றிதழ் என்றாலும் அதுவே. கல்யாண வீட்டில் இனசனம் என்றால் உறவினர்கள். மேடையில் தமிழினம் என்றால் ஒரு மொழி பேசும் மக்கள். விலங்கியல் பாடத்தில் சிற்றினம் என்றால் அது வேறொன்று. இத்தனை பொருளும் ஒரே சொல்லில் இருப்பதால், கேள்வித்தாளில் "இனம்" என்று எழுதிவிட்டு ஊருக்குப் போனால் பத்துப் பேர் பத்து விதமாகப் பதில் சொல்வார்கள்.

உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆளப்போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். பிறப்பால் வருவதாகவும் மாறாததாகவும் சொல்லப்படும் மனித வகைப்பாட்டுக்கு இனம். மொழியும் பண்பாடும் சேர்ந்த அடையாளத்துக்கு இனக்குழு. மணவுறவால் எல்லை கட்டப்பட்ட பிரிவுக்குச் சாதி. சாதிக்குள் ஒரே குலதெய்வம் கும்பிடுகிறவர்களுக்குக் கூட்டம். கொங்கு வேளாளரிடம் இந்தச் சொல்லே வழக்கில் இருக்கிறது. கடைசியாக, இனமாக்கல். நேற்றுவரை இனமாகக் கருதப்படாத மக்களைப் படிப்படியாக அப்படி நடத்தத் தொடங்குவதற்கு இந்தச் சொல்.

இதற்குத் திருப்பூரை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒடியா, வங்காளி, அசாமியா, சந்தாலி, போஜ்புரி என்று அவர்களின் தாய்மொழிகள் வேறு வேறு. ஊர் அவர்கள் எல்லாரையும் "இந்திக்காரன்" என்ற ஒரே சொல்லில் அடைக்கிறது. சொல் ஒன்றானதும் குணமும் ஒன்றாகிவிடுகிறது: "அவர்கள் எல்லாரும் அப்படித்தான்." 2023 மார்ச்சில், இங்கே பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, பயந்து ரயிலேறியவர்கள் பலர். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றையே இங்கே அனுப்பியது. வீடியோ பொய், ஆனால் அதை நம்பும் அளவுக்கு அச்சம் ஏற்கெனவே இருந்தது. அந்த அச்சம் எப்படி உருவானது என்பது ஓர் ஆய்வாளரின் முழு ஆண்டு உழைப்புக்கு உரிய கேள்வி.

சாதியும் இனமும் ஒன்றா என்ற விவாதத்தில் மாட்டிக்கொண்டு நாளை வீணாக்காதீர்கள். இரண்டு செய்திகள் தெரிந்திருந்தால் போதும். பஞ்சாபின் பிராமணரும் பஞ்சாபின் தீண்டப்படாதவரும் ஒரே மரபினர், சென்னையிலும் அப்படியே என்று அம்பேத்கர் 1936லேயே வாதிட்டார். சாதிக்கு இன வேறுபாடு அடிப்படை அன்று என்பது அவர் முடிவு. மறுபக்கம், 1965ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இனப் பாகுபாட்டை வரையறுக்கும்போது நிறத்தோடு "வமிசாவளி" என்பதையும் சேர்த்தது. 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில், சாதி இனம் ஆகாது என்று இந்திய அரசு வாதிட்டது. 2002இல் அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு, வமிசாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று கூறியது. என் கருத்தில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றை ஆராயச் செய்த கருவிகள் மற்றொன்றுக்கும் பயன்படுகின்றன. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்கு 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதியதும் இந்த நெருக்கத்தை உணர்ந்துதான்.

இரண்டாம் படி: அளவுகோல்களின் வரலாற்றைப் படியுங்கள்

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கி வரும் எண்ணைக் கொண்டு சாதிகளை மேல் கீழாக அடுக்க முடியும் என்று நம்பினார். சென்னையில் அரசு அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அருங்காட்சியகம் வந்தவர்களையும் மலைகளில் சந்தித்தவர்களையும் கருவி வைத்து அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளாக 1909இல் வெளிவந்த அவருடைய தொகுப்பு இன்றும் நூலகங்களில் கிடைக்கிறது. இன்றும் சாதிச் சங்க மலர்களில் அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனைமலைக் காடர்களின் உடல் அளவைக் கொண்டு அவர்களை ஆப்பிரிக்க மரபோடு சேர்த்துப் பேசிய எழுத்துகளும் அந்தக் காலத்தில் பிறந்தவையே.

அம்பேத்கர் அதே மூக்கு அளவுகளையே எடுத்து 1948இல் திருப்பிப் போட்டார். அந்த எண்களின்படியே பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றாகிறது என்று காட்டினார். 1950இல் யுனெஸ்கோ, இனம் என்பது உயிரியல் உண்மை என்பதை விடச் சமூகக் கட்டுக்கதை என்று அறிவித்தது. 1972இல் மரபியலாளர் லெவோன்டின், மனிதர்களுக்குள் உள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கட்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டார்.

"திராவிடம்" என்ற சொல்லையும் இங்கே கவனமாகக் கையாள வேண்டும். கால்டுவெல் 1856இல் அதை ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைநாட்டினார். பின்னால் வந்தவர்கள் மொழியிலிருந்து உடலுக்குத் தாவினார்கள். அந்தத் தாவல் எங்கே நடக்கிறது என்று ஒவ்வொரு நூலிலும் தேடுங்கள்.

ஒரு பயிற்சி தருகிறேன். தர்ஸ்டன் தொகுப்பில் உங்களுக்குத் தெரிந்த ஒரு கொங்குச் சாதியைப் பற்றிய பகுதியை நகலெடுங்கள். அவர் நேரில் அளந்தவை, யாரோ சொல்லக் கேட்டவை, அவராகத் தீர்ப்புச் சொன்னவை என்று மூன்று நிறப் பென்சிலால் கோடிடுங்கள். மூன்றாவது நிறம் எவ்வளவு பரவுகிறது என்று பார்த்த பிறகு அந்த நூலை நீங்கள் பழையபடி படிக்க மாட்டீர்கள்.

மூன்றாம் படி: குறுக்குவெட்டு என்ற கருவியைக் கைவசப்படுத்துங்கள்

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1964க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்களே முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியால் வேலை இழந்தவர்கள் அவர்கள். நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, அவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, அவர்கள் ஆண்கள். எனவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். இரண்டையும் சேர்த்துப் புதிய வகை ஒன்றை உண்டாக்க மாட்டோம் என்றும் சொன்னது. இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில் அடிபட்டவரை எந்தச் சாலையின் கணக்கிலும் சேர்க்க மறுத்த கதை இது. சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் இந்த வழக்கையும் இது போன்ற வேறு சில வழக்குகளையும் வைத்தே குறுக்குவெட்டு என்ற கருத்தை உருவாக்கினார்.

இதை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். ஒரு நூல் மில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பட்டியல் சாதியினர் இருக்கிறார்கள், பஞ்சுப் பொதி ஏற்றும் ஆண்கள். பெண்களும் இருக்கிறார்கள், அலுவலகத்திலும் தரச் சோதனையிலும். விடுதியில் தங்கிச் சுழல்கதிர் ஓட்டும் பதினெட்டு வயது அருந்ததியர் பெண்ணைப் பற்றிக் கேட்டால், இரண்டு பட்டியலும் "எல்லாரும் இருக்கிறார்கள்" என்றே காட்டும். அவளுடைய கேள்வி இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று. ஒடிசாவில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் ஒரு பெண் அவிநாசிக்கு வேலைக்கு வந்தால், இங்கே அந்தத் தகுதி செல்லாது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ரயிலேறி இறங்கும் இடைவெளியில் அவள் பழங்குடி என்பது காகிதத்தில் மறைந்துவிடுகிறது, விடுதிக் காவலாளியின் பார்வையில் "இந்திக்காரி" என்பது தொடங்கிவிடுகிறது. இடம் பெயர்வதும் குறுக்கே வரும் ஒரு சாலைதான்.

நான்காம் படி: சிறிய கேள்வி, சிறிய இடம்

"கொங்கு மண்டலத்தில் சாதியும் இனமும்" என்று தலைப்பிட்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலத்தின் ஒரு பகுதி, பழனிப் பக்கம் என்று பரந்து கிடக்கும் நாட்டை ஒரு மாணவர் ஆறு மாதத்தில் நடந்து முடிக்க முடியாது. குமாரபாளையத்தில் ஒரு தெருவின் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கியவர்கள் யார், வாங்காமல் தப்பியவர்கள் யார் என்று கேளுங்கள். ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கிராமத்தில் யாருக்கு லைன் வீடு வாடகைக்குக் கிடைக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வியே ஆய்வுக் கேள்வி.

ஐந்தாம் படி: காகிதங்கள்

களத்துக்குப் போகும் முன் ஒரு மாதம் காகிதத்தில் செலவிடுங்கள். நிக்கல்சன் 1887இல் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு, 1871 முதல் 1931 வரையிலான கணக்கெடுப்பு அறிக்கைகள், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவை தொடக்கம். சாதிவாரி எண்ணிக்கை முழுமையாக வெளியான கடைசிக் கணக்கெடுப்பு 1931. எண்களை ஒப்பிடும்போது எல்லைகளைப் பாருங்கள். கொள்ளேகால் 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. 1979இல் ஈரோடு பிரிந்தது, 2009இல் திருப்பூர். இதைக் கவனிக்காமல் "மக்கள்தொகை குறைந்தது" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முன்னோடிகளின் களப்பணியையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்ததை ஆராய்ந்து 1972இல் நூலாக்கினார். ஷரத் சாரி திருப்பூரில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட நூல், உழவர்களாக இருந்த கவுண்டர்கள் பனியன் முதலாளிகளானபோது தங்கள் உயர்வுக்குச் சொன்ன காரணத்தைக் கூர்ந்து கேட்டது. அவர்கள் சொன்ன சொல்: உழைப்பு. நீங்களும் அந்தச் சொல்லைக் கேட்பீர்கள். கேட்டதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கட்டும்: அதே காட்டில் அதே வெயிலில் உழைத்த பண்ணையாளுக்கு ஏன் தறி வாங்கக் கடன் கிடைக்கவில்லை?

காகிதமே வகைப்பாட்டை உண்டாக்கும் என்பதற்கு ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையைப் பாருங்கள். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பிரிவு (கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) தருமபுரி, சேலம் போன்ற குறிப்பிட்ட மாவட்டங்களின் பெயரோடு இருக்கிறது. அந்த வரிசையில் ஈரோடு இல்லை. ஒரே மக்கள், ஒரே பேச்சு. மாவட்டக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பழங்குடி, இந்தப் பக்கம் இருப்பவர் அல்லர். பல ஆண்டுகளாக அவர்கள் மனுவோடு நடக்கிறார்கள்.

ஆறாம் படி: களம்

பொறுமை அதிகம் வேண்டியது இங்கேதான். நான்கு வேலைகளைச் சொல்கிறேன். முதல் வேலையைச் சொல்லவே இந்த வழிகாட்டியை எழுதத் தொடங்கினேன்.

கொங்குத் தமிழின் பெருமை அதன் மரியாதை. "ஏனுங்க", "வாங்க", "சொல்லுங்க" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் வால் போல ஒரு "ங்க" வரும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்துபோவார்கள். எனக்கும் அந்தப் பேச்சு உயிர். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது: அந்த "ங்க" யாருக்குக் கிடைப்பதில்லை? குறிப்பேட்டில் ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பேசுபவர், மேலே கேட்பவர். யார் யாரை "நீங்க" என்றார், யார் யாரை "நீ" என்றார், யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், யார் "சாமி" என்றார், இருவர் வயதும் என்ன என்று குறியுங்கள். எழுபது வயதுப் பெரியவர் இருபது வயதுப் பையனைச் "சாமி" என்று அழைத்து, பதிலுக்கு "ஏண்டா" என்று பெறும் ஒரு வரி, நூறு கேள்வித்தாள் சொல்லாததைச் சொல்லும். பனியன் கம்பெனியில் மேஸ்திரி உள்ளூர்ப் பெண்ணை "அம்மணி" என்றும், ஜார்க்கண்ட் பெண்ணை "ஏய்" என்றும் அழைப்பதையும் அதே கட்டத்தில் எழுதுங்கள். சாதிக்குப் பழகிய நாக்கு புதிதாக வந்தவரிடம் என்ன செய்கிறது என்பது அந்த ஒரே பக்கத்தில் தெரியும். இரண்டு வாரம் கேள்வியே கேட்காமல், டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து இதை மட்டும் குறியுங்கள்.

இரண்டாவது, வரைபடம். டு போய்ஸ் 1896இல் தொடங்கி பிலடெல்பியாவின் ஏழாவது வட்டத்தில் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிறம் தீட்டி வரைந்தார். நீங்களும் நடந்து வரையுங்கள். ஊர், வளவு, காலனி, தோட்டத்துச் சாளை, லைன் வீடு, மில் விடுதி எல்லாம் வரட்டும். குடிநீர்த் தொட்டி எங்கே, மயானம் எத்தனை, தார்ச் சாலை எந்த இடத்தில் மண்பாதையாகிறது, மதில்கள் எங்கே என்று குறியுங்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று மழையில் இடிந்த மதில், அருகிலிருந்த பட்டியல் சாதியினர் வீடுகள் மீது விழுந்து 17 உயிர்களைப் பறித்தது. மதிலின் உயரத்தை எழுதிக்கொள்ளும்போது உங்கள் கை சற்று நிற்க வேண்டும்.

மூன்றாவது, கூலி. "மாதம் எவ்வளவு?" என்று கேட்டால் பயன் இல்லை. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், கைமடி, அயர்ன், சாயப்பட்டறை என்று பிரிவு பிரிவாகக் கேளுங்கள். பீஸ் ரேட்டா ஷிப்ட் கணக்கா, ஒன்றரை ஷிப்டுக்கு எவ்வளவு, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிக்கிறார்கள், முன்பணம் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். கம்பெனிக்குள் நின்று சாதியைக் கேட்காதீர்கள். "உங்களை இந்த வேலைக்கு யார் கூட்டி வந்தது?" என்று கேட்டால் போதும். ஆள் சேர்க்கும் பாதை ஊர், உறவு வழியாகவே போகிறது. சாதி தானாக வெளியே வரும்.

நான்காவது, வாடகை. ஒரே வீட்டுக்கு வெவ்வேறு பெயரும் பேச்சும் உடைய இருவர் கேட்டால் வரும் பதில்களை ஒப்பிடும் முறை உலகெங்கும் உண்டு. இதில் வீட்டுக்காரரை ஏமாற்றுவதும் இருப்பதால், கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் செய்யாதீர்கள். தேடி அலைந்தவர்களின் அனுபவத்தைக் கேட்பதே மாணவருக்குப் போதுமானது.

ஏழாம் படி: உங்களையும் கட்டத்தில் எழுதுங்கள்

கொங்குக் கிராமத்தில் உங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி "எந்த ஊருங்க?" என்பது. அடுத்தது அப்பா என்ன செய்கிறார். மூன்றாவது, சில இடங்களில், எந்தக் கோயில், எந்தக் கூட்டம். நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்து நாற்காலி வரும் அல்லது வராது. எந்தப் பதிலுக்கு என்ன வந்தது என்று அன்று இரவே எழுதிவிடுங்கள். ஆதிக்கச் சாதியில் பிறந்த மாணவர்கள் காலனியை மட்டும் ஆராய வருவதை நான் ஊக்குவிப்பதில்லை. முதலில் உங்கள் வீட்டுச் சமையலறையில் எந்தத் தட்டு யாருக்கு என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த மாணவருக்கு வேறு சுமை: அவமதிப்பைத் தாங்கிக்கொண்டு குறிப்பெடுக்க வேண்டியிருக்கும். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், வழிகாட்டிகளே. பல் கடித்து முடிக்கச் சொல்லவும் செய்யாதீர்கள்.

ஒப்புதல் வாங்காமல் ஒலிப்பதிவு கூடாது. பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. "கிணற்றடியில் மூன்றாவது வீட்டு விதவை" என்று எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும். சாதி மீறிய காதல், திருமணம் பற்றிய செய்தி ஒருவர் உயிரோடு விளையாடும். அது எவ்வளவு அரிய தரவாக இருந்தாலும் எழுதாமல் விடுங்கள். வன்கொடுமை நடப்பதை நேரில் பார்த்தால் ஆய்வை நிறுத்துங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்று முன்பே படித்திருங்கள்; பாதிக்கப்பட்டவர் விரும்பும் வழியில் உதவுங்கள்.

எட்டாம் படி: எழுதி, திரும்பப் போங்கள்

எழுதும்போது "அவர்கள் பின்தங்கியவர்கள்" போன்ற செய்தவர் மறைந்த வாக்கியங்களைத் தவிருங்கள். யார் பின்னே தள்ளினார், எதைக் கொண்டு தள்ளினார் என்று வாக்கியமே கேட்க வேண்டும். முதல் வரைவு முடிந்ததும் ஊருக்கு எடுத்துப் போய், தமிழில், அவர்கள் திண்ணையில் படித்துக் காட்டுங்கள்.

என் முதல் ஆய்வில் இதைச் செய்தேன். "இந்த ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை முறை ஒழிந்துவிட்டது, எல்லாருக்கும் பேப்பர் கப்" என்று எழுதியிருந்தேன். நான்கு மாதம் அந்தக் கடையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். காலனியில் அதைப் படித்தபோது, பாட்டி ஒருவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "எங்களுக்குப் பேப்பர் கப் கண்ணு. உனக்கு எதில் கொடுத்தார்கள்?" எனக்குக் கண்ணாடி டம்ளரில் கொடுத்தார்கள், ஒவ்வொரு நாளும். குறிப்பேட்டைப் புரட்டினேன், யார் என்ன பேசினார் என்பது எல்லாம் இருந்தது, என் கையில் இருந்தது மட்டும் எங்கும் இல்லை. அந்தப் பத்தியை அடித்துவிட்டு, சுற்றியுள்ள பதினொரு கடைகளுக்கு மீண்டும் போனேன். அதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது.